வகுப்பறையின் சாவி யார் கையில்?

2024-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசி வாரத்தில் அமெரிக்காவிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. கே.கே.ஆர். என்ற பெரும் நிதிக் கம்பெனி, இன்ஸ்ட்ரக்சர் என்ற கம்பெனியை 480 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. அதே வாரத்தில் டூ-யு என்ற இன்னொரு கம்பெனி, கடனைச் சமாளிக்க வழியில்லை என்று திவால் கோர்ட்டின் படி ஏறியது. பத்திரிகைகள் இவற்றை வியாபாரப் பக்கத்தின் மூலையில் போட்டன. பங்கு மார்க்கெட்டில் தினமும் நடக்கிற கூத்துதானே என்று பலரும் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள்.

விற்ற சரக்கு என்ன, திவாலான வியாபாரம் என்ன என்று பார்த்தால் இது மூலையில் போடுகிற செய்தி அல்ல என்பது விளங்கும். இன்ஸ்ட்ரக்சர் கம்பெனியின் சரக்கு கான்வாஸ் என்ற மென்பொருள். வட அமெரிக்க சர்வகலாசாலைகளில் மிக அதிகமாகப் புழங்குவது அதுதான். டூ-யு கம்பெனியோ, பெயர்பெற்ற சர்வகலாசாலைகளின் பெயரில் இன்டர்நெட் மூலம் பட்ட வகுப்புகளை நடத்திக் கொடுத்து வந்தது. ஒரு பக்கம் வகுப்பறையே கை மாறுகிறது. மறு பக்கம் வகுப்பு நடத்துகிறவன் மஞ்சள் கடுதாசி கொடுக்கிறான். அந்த வகுப்பில் படித்துக் கொண்டிருந்த மாணவனை யார் கேட்டார்கள்? பாடம் சொன்ன ஆசிரியரை யார் கேட்டார்கள்?

கான்வாஸ் போன்ற மென்பொருள் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லி விடுவோம். கல்லூரியின் அறிவிப்புப் பலகை, ஆஜர் பட்டியல், வீட்டுப்பாடம் வாங்கும் பெட்டி, மார்க் ரிஜிஸ்தர், சிறு நூலகம் ஆகிய அத்தனையும் ஒரே இடத்தில் இருந்தால் எப்படியோ அப்படி. ஆசிரியர் பாடத்தை அதில் ஏற்றி வைக்கிறார். மாணவன் தன் வீட்டிலிருந்தோ வேலை செய்யும் இடத்திலிருந்தோ திறந்து படிக்கிறான், விடை எழுதுகிறான், சந்தேகம் கேட்கிறான். இன்டர்நெட் மூலம் பட்டம் படிப்பவனுக்கு இதைத் தவிர வேறு கல்லூரிக் கட்டடம் கிடையாது. இதுதான் அவனுடைய வாசல், திண்ணை, வகுப்பு, தேர்வு மண்டபம்.

நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. ராத்திரி ஷிப்டில் வேலை பார்க்கிற தொழிலாளிக்கும், கைக்குழந்தையை விட்டு நகர முடியாத பெண்ணுக்கும், ஊரில் கல்லூரியே இல்லாத வாலிபனுக்கும் இந்தக் கருவிகள் கதவைத் திறந்து விட்டிருக்கின்றன. பள்ளிப் படிப்போடு நின்று போன எத்தனையோ பேர் முப்பது, நாற்பது வயதில் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். இதைக் கேலி செய்கிறவன், தானே சுகமாகக் கல்லூரி விடுதியில் இருந்து படித்தவனாகத்தான் இருப்பான். கதவு திறந்தது நல்லதே. அதன் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதே நம்முடைய கேள்வி.

இந்தக் கருவிகளைக் கண்டுபிடித்தது எந்த நிதிக் கம்பெனியும் அல்ல. 1960-ல் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில் பிளேட்டோ என்ற பெயரில் கம்ப்யூட்டர் வழிப் போதனை ஆரம்பமாயிற்று. அது பொதுப் பணத்தில் வளர்ந்தது. 1990-களின் நடுவில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் ஆசிரியர் ஒருவர் வெப்-சி.டி. என்ற கருவியை உருவாக்கினார். இன்டியானா சர்வகலாசாலையின் இண்டியானாபோலிஸ் வளாகத்தில் ஏஞ்சல் என்ற கருவி பிறந்தது. ஆசிரியர்கள் தங்கள் வகுப்பின் கஷ்டத்தைத் தீர்க்கத் தாங்களே செய்து கொண்டவை இவை. தச்சன் தன் உளிக்குத் தானே பிடி போட்டுக் கொள்வது போன்ற காரியம்.

பிறகு வியாபாரிகள் வந்தார்கள். 1997-ல் வாஷிங்டனில் தோன்றிய பிளாக்போர்டு என்ற கம்பெனி, வெப்-சி.டி.யை 18 கோடி டாலர் கொடுத்து 2006-ல் தன் வயிற்றில் போட்டுக் கொண்டது. 2009-ல் ஏஞ்சலையும் விழுங்கியது. இவை இரண்டுக்கும் நடுவே அது செய்த ஒரு காரியத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

2006 ஜனவரியில் பிளாக்போர்டுக்கு அமெரிக்க சர்க்கார் ஒரு பேடண்ட் உரிமை வழங்கியது. எதற்கு? ஒரே ஆள் ஒரு வகுப்பில் ஆசிரியராகவும் இன்னொரு வகுப்பில் மாணவராகவும் ஒரே பெயரில் உள்ளே நுழையலாம் என்பது போன்ற ஏற்பாடுகளுக்கு! காலையில் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிவிட்டு மாலையில் பேராசிரியரிடம் பாடம் கேட்கிற ஆராய்ச்சி மாணவன் எந்த சர்வகலாசாலையில் இல்லை? சட்டாம்பிள்ளை வைத்து நடந்த நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே இது உண்டு. இதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லி, டிசயர்-டு-லேர்ன் என்ற கனடா கம்பெனி மீது அதே வருஷம் ஜூலையில் வழக்குத் தொடுத்தார்கள். 2008-ல் டெக்ஸாஸ் கோர்ட்டில் ஜூரிகள் 31 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னார்கள். உலகம் முழுதும் உள்ள ஆசிரியர்களும் மென்பொருள் எழுதுகிறவர்களும் கொதித்துப் போய், இந்த ஏற்பாடுகள் எத்தனை காலமாகப் புழங்குகின்றன என்பதற்குப் பழைய ஆதாரங்களைத் தேடித் திரட்டினார்கள். 2009 ஜூலையில் அப்பீல் கோர்ட் அந்த உரிமைகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

வழக்கில் தோற்ற பிளாக்போர்டு அதனால் ஒழிந்து விடவில்லை. 2011-ல் பிராவிடன்ஸ் என்ற நிதிக் கம்பெனி அதை 164 கோடி டாலருக்கு வாங்கியது. 2021-ல் அது ஆந்தாலஜி என்ற கம்பெனியோடு இணைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் ஆந்தாலஜியும் திவால் மனுப் போட்டது. அதற்குப் போட்டியாக 2008-ல் முளைத்ததுதான் கான்வாஸ் மென்பொருளின் இன்ஸ்ட்ரக்சர். அதை 2020-ல் தோமா பிராவோ என்ற நிதிக் கம்பெனி ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கிற்று; மறு வருஷமே பங்கு மார்க்கெட்டில் இறக்கிற்று; 2024-ல் கே.கே.ஆருக்குக் கை மாற்றிற்று. நான்கு வருஷத்தில் விலை இரண்டு மடங்குக்கு மேல். இந்த நான்கு வருஷத்தில் வகுப்பறையில் போதனை இரண்டு மடங்கு உயர்ந்து விட்டதா என்று எந்த ஆசிரியரையாவது கேட்டுப் பாருங்கள்.

நிதிக் கம்பெனி ஒரு தொழிலை வாங்குகிற மர்மம் சாமானியமானது அல்ல. கொடுக்கிற விலையில் பெரும் பகுதி கடன். அந்தக் கடன், வாங்கியவன் தலையில் ஏறுவதில்லை; வாங்கப்பட்ட கம்பெனியின் தலையிலேயே ஏற்றப்படுகிறது. கடன் வாங்கி மாடு பிடித்து, அந்தக் கடனை மாடே உழுது அடைக்கட்டும் என்று சொல்வது போல. மாடு எதை உழும்? சர்வகலாசாலைகள் வருஷா வருஷம் கட்டுகிற சந்தாவைத்தான். சர்வகலாசாலை அதை எங்கிருந்து கொடுக்கும்? மாணவன் கட்டுகிற சம்பளத்திலிருந்தும் சர்க்கார் மானியத்திலிருந்தும்தான். சந்தா உயர்ந்தால் வேறு கருவிக்கு மாறிக் கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். பத்து வருஷப் பாடங்கள், கேள்வித்தாள்கள், மார்க்குகள் எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கும் போது மாறுவது லேசா? ஒரு பெரிய சர்வகலாசாலை கருவி மாற்றுவதென்றால் வீடு காலி செய்வது போல அல்ல, ஊரையே காலி செய்வது போல. இது விற்கிறவனுக்குத் தெரியும். அந்த நம்பிக்கைக்குத்தான் 480 கோடி டாலர்.

பெட்டியில் கிடப்பது பாடம் மட்டுமா? எந்த மாணவன் எத்தனை மணிக்கு நுழைந்தான், எந்தப் பக்கத்தில் எத்தனை நிமிஷம் நின்றான், எந்தக் கேள்வியில் தடுமாறினான் என்பதெல்லாம் அங்கே பதிவாகின்றன. 2019-ல் இன்ஸ்ட்ரக்சர் கம்பெனியின் தலைமை அதிகாரி முதலீட்டாளர் கூட்டத்தில், கல்வி அனுபவத்தைப் பற்றிய மிகப் பெரிய விவரக் களஞ்சியம் தங்களிடம் இருக்கிறது என்று பெருமையடித்துக் கொண்டார். அவர் முதலாளிகளிடம் பேசினார். மாணவர்களும் கேட்டு விட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் விற்பனை அறிவிப்பு வந்ததும், எங்கள் விவரத்தை யாருக்கு விற்கிறீர்கள் என்று கல்லூரிகளில் எதிர்ப்புக் கிளம்பியது. கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் டர்னிடின் கதையும் இதுவே. மாணவர்கள் எழுதிக் கொடுக்கும் கட்டுரைகள் அதன் கிடங்கில் சேருகின்றன. புதிய கட்டுரையைப் பழைய கட்டுரைகளோடு ஒப்பிடுவதுதான் அதன் தொழில். மாணவர்கள் எழுதி நிரப்பிய அந்தக் கிடங்கோடு சேர்த்து, 2019-ல் அட்வான்ஸ் என்ற பத்திரிகைக் கம்பெனி டர்னிடினை 175 கோடி டாலருக்கு வாங்கியது. எழுதிய மாணவனுக்கு அதில் ஒரு செப்புக் காசு உண்டா?

திவாலான டூ-யு கம்பெனியின் கதை இன்னும் பட்டவர்த்தனமானது.

அது 2008-ல் ஆரம்பமானது. சர்வகலாசாலைகளிடம் அது சொன்னது இதுதான்: "உங்கள் பெயர், உங்கள் ஆசிரியர், உங்கள் பட்டம். விளம்பரம், ஆள் பிடித்தல், காமிரா, மென்பொருள் எல்லாம் எங்கள் செலவு. மாணவன் கட்டும் சம்பளத்தில் பங்கு கொடுத்தால் போதும்." அந்தப் பங்கு பல ஒப்பந்தங்களில் 60 சதவீதம் வரை இருந்தது. தஞ்சை விவசாயிகள் போராடி, 1956-ல் நியாய வாரச் சட்டம் வந்தபோது, நஞ்சையில் நிலச் சொந்தக்காரனுக்குச் சேர வேண்டியது மகசூலில் 40 சதவீதம் என்று நிர்ணயமாயிற்று. அதுவே அதிகம் என்று நம் விவசாயிகள் மேலும் போராடினார்கள். இருபத்தோராம் நூற்றாண்டில் சரஸ்வதியின் வயலில் 60 சதவீத வாரம்! பண்ணையாருக்காவது நிலம் சொந்தம். இங்கே நிலமும் சர்வகலாசாலையுடையது, உழுகிறவரும் சர்வகலாசாலை ஆசிரியர்.

தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுத்து மாணவர்களைச் சேர்ப்பதை அமெரிக்கச் சட்டமே 1992 முதல் தடுக்கிறது. ஆனால் 2011-ல் அமெரிக்கக் கல்வி இலாகா ஒரு சந்து திறந்து விட்டது. ஆள் பிடிப்பதோடு வேறு சேவைகளையும் சேர்த்துக் கட்டாகக் கொடுத்தால் பங்கு வாங்கலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தச் சந்து வழியே வண்டி வண்டியாகச் சரக்கு ஓடிற்று. தென் கலிபோர்னியா சர்வகலாசாலையின் சமூக சேவை முதுகலைப் படிப்பை டூ-யு கம்பெனி இன்டர்நெட்டில் நடத்திக் கொடுத்தது. இரண்டு வருஷப் படிப்புக்குக் கட்டணம் 1,15,000 டாலர். அங்கே சர்க்கார் கடன் வாங்கிப் படித்து வெளியே வந்தவர்களில் நடுமட்டத்தில் நிற்பவரின் கடன் 1,12,000 டாலர் என்றும், அவர்களில் பாதிப் பேருடைய வருஷ வருமானம் 52,000 டாலரோ அதற்குக் குறைவோ என்றும் 2021-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை எழுதியது. முதலாளிகளின் பத்திரிகையே எழுதியது! அனாதைக் குழந்தைகளுக்கும் வீடற்றவர்களுக்கும் உதவி செய்யப் படித்தவர்கள், தாங்களே கடன்காரர்களாகி நின்றார்கள். 2023-ல் அந்த சர்வகலாசாலையும் கம்பெனியும் பிரிந்தன.

இதற்குள் இன்னொரு விற்பனையும் நடந்து விட்டது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012-ல் ஆளுக்கு 3 கோடி டாலர் போட்டு எடெக்ஸ் என்ற லாப நோக்கில்லாத ஸ்தாபனத்தை ஆரம்பித்தன. உலகத்தில் யார் வேண்டுமானாலும் உயர்ந்த கல்வியை இலவசமாகப் பெறலாம் என்று சொன்னார்கள். இந்தியாவிலிருந்தும் எத்தனையோ மாணவர்கள் அதில் சேர்ந்து படித்தார்கள். 2021-ல் அதை 80 கோடி டாலருக்கு டூ-யு கம்பெனிக்கு விற்றார்கள். விற்ற பணம் இன்னொரு லாப நோக்கில்லாத ஸ்தாபனத்துக்குப் போயிற்று என்பதையும், அதன் அடிப்படை மென்பொருள் இன்றும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் கோடிக்கணக்கான பேர் நம்பிப் பெயர் கொடுத்த அந்த இடம், மூன்றே வருஷத்தில் திவாலான கம்பெனியின் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாகி விட்டது. 2024-ல் மின்னசோடா மாநிலம், தன் பொது சர்வகலாசாலைகள் இப்படிச் சம்பளத்தைப் பங்கு போட்டுக் கொள்ளும் ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று சட்டம் போட்டது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுவே.

காசு விஷயம் இப்படி என்றால், மான விஷயம் வேறு. கொரோனாக் காலத்தில் தேர்வு வீட்டுக்குள் வந்தது. அதோடு காமிராவும் வந்தது. மாணவன் கண்ணை எங்கே திருப்புகிறான், அறையில் யார் இருக்கிறார்கள், என்ன சத்தம் கேட்கிறது என்று யந்திரம் பார்த்துக் கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் கொடி தூக்கும். 2021 பிப்ரவரியில் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் சர்வகலாசாலை மாணவர் ஒருவர் ரசாயனத் தேர்வு எழுத உட்கார்ந்த போது, படுக்கையறை முழுதையும் காமிராவில் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். பிறகு கோர்ட்டுக்குப் போனார். காரணமில்லாமல் வீட்டைச் சோதனை போடுவதைத் தடுக்கும் அரசியல் சட்டப் பாதுகாப்புக்கு இது விரோதம் என்று 2022 ஆகஸ்டில் சமஷ்டி நீதிபதி தீர்ப்பளித்தார். போலீஸ்காரன் வாரண்ட் இல்லாமல் நுழைய முடியாத அறைக்குள் ஒரு மென்பொருள் நுழைந்து விட்டது!

டார்ட்மத் மருத்துவக் கல்லூரியில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2021-ல் 17 மாணவர்கள் தேர்வு நேரத்தில் கான்வாஸைத் திறந்து பாடத்தைப் பார்த்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டார்கள். சாட்சி யார்? கான்வாஸின் பதிவேடு ஒன்றே. ஆனால் கைபேசியோ கம்ப்யூட்டரோ தேர்வுக்கு முன் திறந்தபடி கிடந்தால், ஆள் தொடாமலே அது தானாகப் பக்கத்தைப் புதுப்பித்துக் கொண்டிருக்கும். பதிவேட்டில் மாணவன் பார்த்ததாகவே விழும். ஏழு பேர் மீதிருந்த குற்றச்சாட்டு முதலிலேயே கைவிடப்பட்டது. மற்றவர்களில் சிலருக்கு வெளியேற்றம், சிலருக்குத் தற்காலிக நீக்கம் என்று தண்டனை விதித்தார்கள். மாணவர்கள் விடவில்லை, வெளியிலிருந்தும் கண்டனம் எழுந்தது. ஜூன் மாதத்தில் எல்லாக் குற்றச்சாட்டையும் கல்லூரி வாபஸ் வாங்கி மன்னிப்புக் கேட்டது. டாக்டராகப் போகிற ஒரு வாலிபன் "நான் திருடவில்லை" என்று சொல்வதைவிட, யந்திரம் தானாகக் கிறுக்கிய ஒரு வரி பெரிய சத்தியமாகி விட்டது. பதிவேடு எழுதுவது வகுப்பு நடத்துவதற்காக. அதைத் துப்பறிய உபயோகிக்கலாம் என்று மாணவனிடம் எப்போது சம்மதம் வாங்கினார்கள்?

நம் ஊரில் நடந்ததும் மறந்து போகிற விஷயம் அல்ல. அண்ணா சர்வகலாசாலை கொரோனாக் காலத்தில் காமிராக் கண்காணிப்புடன் இன்டர்நெட் மூலம் பருவத் தேர்வை நடத்தியது. 2021 பிப்ரவரியில் எழுதிய தேர்வின் முடிவு வந்த போது இன்ஜினீயரிங் மாணவர்களில் பெருந்திரளானவர்கள் தோல்வி என்று வந்தது. இன்னும் பலருடைய முடிவு, முறைகேட்டுச் சந்தேகம் என்று நிறுத்தி வைக்கப்பட்டது. மாணவர்களும் பெற்றோர்களும் குமுறினார்கள். அந்த மே மாதத்தில் அப்போதைய உயர்கல்வி மந்திரி பொன்முடி மறுதேர்வு அறிவிக்க வேண்டியதாயிற்று. கூரை வீட்டில் தங்கைக்கும் பாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து, கைபேசியில் தேர்வு எழுதுகிற பையன் பக்கத்தில் பேச்சுச் சத்தம் கேட்காமல் எப்படி இருக்கும்? 2017-18 தேசிய மாதிரி சர்வேப்படி இந்தியக் கிராமக் குடும்பங்களில் இன்டர்நெட் வசதி சுமார் 15 சதவீதத்தில். கம்ப்யூட்டர் சுமார் 4 சதவீதத்தில். அதற்குப் பின் கைபேசி பெருகியிருக்கிறது, மறுக்கவில்லை. 2021 தொடக்கத்தில் தமிழ்நாடு சர்க்கார் ஒன்பதரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜி.பி. டேட்டா கார்டு கொடுத்தது, அதையும் பாராட்டுவோம். ஆனால் உள்ளங்கை அகலக் கண்ணாடியில் பாலத்தின் வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போடச் சொல்வது கல்வியா என்று கேட்கிறோம்.

காமிரா இல்லாமல் நேர்மையான தேர்வே நடத்த முடியாது என்பவர்களுக்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் மத்திய சர்க்கார் பணத்தில் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இன்டர்நெட் வழிப் பட்டப் படிப்பிலும் முக்கியத் தேர்வுகள் பல ஊர்களில் உள்ள மையங்களில் நேரிலேயே நடக்கின்றன. பாடம் வீட்டில், தேர்வு மண்டபத்தில். மேஜை, நாற்காலி, ஒரு கண்காணிப்பாளர். படுக்கையறைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வாடகைக் கருவிக்கும் மாற்று உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கர்ட்டின் சர்வகலாசாலையில் வெப்-சி.டி.யைப் பராமரித்துக் கொண்டிருந்த மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர், அதன் குறைகளில் சலித்துப் போய் மூடில் என்ற கருவியை எழுதி 2002-ல் முதல் பதிப்பை வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, திருத்தி, தங்கள் மொழியில் பெயர்த்து, தங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்து நடத்தலாம். பம்பாய் ஐ.ஐ.டி. அதைத்தான் உபயோகிக்கிறது. நேரடி வகுப்பு நடத்துவதற்கு கனடாவின் கார்ல்டன் சர்வகலாசாலையில் பிறந்த பிக்-புளூ-பட்டன் இருக்கிறது, அதுவும் இலவசமே. இலவசம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. கம்ப்யூட்டர் வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும், ராத்திரியில் நின்று போனால் ஓடிவர இன்ஜினீயர் வேண்டும். ஆனால் அந்தச் செலவு நம் வாலிபர்களுக்குச் சம்பளமாகப் போகும்; நியூயார்க்கின் லேவாதேவிக்காரனுக்கு வட்டியாகப் போகாது. நாடெங்கும் உள்ள சர்வகலாசாலைகளை இணைக்கும் தேசிய அறிவு வலையை 2010-ல் சர்க்கார் பொதுப் பணத்தில்தானே போட்டது? கம்பி நம்முடையது, அதில் ஓடுகிற வகுப்பறை மட்டும் ஏன் அன்னியனுடையதாக இருக்க வேண்டும்?

டில்லியில் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். சர்வகலாசாலை மானியக் கமிஷன் 2022 ஜனவரியில், கல்விக் கம்பெனிகளோடு ஏஜென்சி முறையில் கூட்டுச் சேர்ந்து பட்டம் விற்கக் கூடாது என்று எச்சரித்தது. நல்ல எச்சரிக்கை. அதே சமயம் செய்தித்தாளைத் திறந்தால், சர்வகலாசாலையின் பெயர் சிறு எழுத்திலும் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்திலுமாக முழுப் பக்க விளம்பரம். எத்தனை ஒப்பந்தங்கள் இருக்கின்றன, மாணவன் கட்டும் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பது அவர்களுக்கே வெளிச்சம். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று கொண்டாடப்பட்ட பைஜூஸ் கம்பெனி 2024 ஜூலையில் திவால் விசாரணைக்குள் போனதைப் பார்த்த பிறகும் பாடம் படிக்கவில்லை என்றால் எப்போது படிப்பது?

கல்லூரிகளின் உள்ளே இன்னொரு காரியம் ஓசையில்லாமல் நடக்கிறது. 2017-ல் ஆரம்பித்த ஸ்வயம் என்ற சர்க்கார் ஏற்பாட்டின் மூலம் எடுக்கும் பாடங்களுக்கு, ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை மதிப்பெண் கணக்கில் சேர்க்கலாம் என்று 2016 விதி சொன்னது. 2021-ல் அதை 40 சதவீதமாக்கினார்கள். ஸ்வயம் சர்க்காருடையது, பாடங்களில் பல தரமானவை, எங்கோ ஒரு சிற்றூர்க் கல்லூரி மாணவி ஐ.ஐ.டி. பேராசிரியரின் பேச்சைக் கேட்பது நல்ல விஷயம். ஆனால் ஐந்தில் இரண்டு பங்குப் பாடத்தைத் திரையே நடத்தலாம் என்றான பிறகு, காலியிடத்தை நிரப்ப எந்த நிர்வாகம் அவசரப்படும்? நம் சர்க்கார் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் தொகுப்பூதியத்துக்கு உழைக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் நிரந்தர வேலைக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த நாற்காலியில் காமிராப் பதிவை உட்கார வைக்கப் போகிறார்களோ என்ற பயம் அவர்களுக்கு இருப்பதில் ஆச்சரியமில்லை. கனடாவில் மான்ட்ரியல் நகரின் கன்கார்டியா சர்வகலாசாலையில் 2021 ஜனவரியில் ஒரு மாணவர், இன்டர்நெட்டில் ஓவியக் கலை வரலாறு நடத்திய பேராசிரியருக்குக் கடிதம் எழுத முகவரி தேடினார். அவர் 2019-லேயே காலமாகி விட்டது அப்போதுதான் தெரிந்தது. இறந்தவர் பாடம் நடத்திக் கொண்டிருந்தார்! நூலும் இறந்தவர் எழுதியதாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். நூலுக்கு ஆசிரியருடைய பெயர், உரிமை, ராயல்டி எல்லாம் உண்டு. பதிவான பேச்சுக்கு நம் கல்லூரிகளில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

தமிழ்நாட்டு சர்வகலாசாலைகள் ஒவ்வொன்றும், இந்தக் கருவிகளுக்காக எந்தக் கம்பெனியோடு என்ன ஒப்பந்தம் செய்திருக்கிறது, தலைக்கு எவ்வளவு கொடுக்கிறது, மாணவர் விவரம் எங்கே இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்தால் அல்லது கம்பெனி விற்கப்பட்டால் அதை அழிக்க ஏற்பாடு உண்டா என்பதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். பஸ் டிக்கெட்டில்கூடக் கட்டணம் அச்சிட்டிருக்கிறது; லட்சம் மாணவர்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் மட்டும் இரும்புப் பெட்டியில் எதற்கு? சம்பளத்தில் பங்கு கேட்கும் எந்தக் கம்பெனிக்கும் மின்னசோடாவில் போல இங்கும் சட்டத்தால் கதவடைக்க வேண்டும். யந்திரம் தூக்கிய கொடியை மட்டும் வைத்து எந்த மாணவனின் முடிவையும் நிறுத்தக் கூடாது. பதிவை அவனுக்குக் காட்டி, ஒரு மனிதர் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். பதிவு செய்த பாடத்தின் உரிமையையும், அதை எத்தனை வருஷம் உபயோகிக்கலாம் என்பதையும் ஆசிரியருக்கு எழுத்து மூலம் தர வேண்டும். சர்வகலாசாலைகள் ஒன்று சேர்ந்து, மூடில் போன்ற திறந்த கருவிகளைத் தமிழிலும் நடத்துவதற்கு ஒரு பொது நிலையம் அமைக்க மாநில சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும்.

அடுத்த கல்வியாண்டுக்கான ஒப்பந்தங்கள் கையெழுத்தாவதற்கு முன்னால் இவை செனட்டிலும் சிண்டிகேட்டிலும் விவாதத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே இருக்கும் ஆசிரியர் பிரதிநிதிகள் ஒப்பந்த நகலை மேஜை மீது வைக்கும்படி இந்தக் கூட்டத்திலேயே கேட்க வேண்டும். வாசலில் மாணவர் சங்கங்கள் நின்று கொண்டிருக்கட்டும்.